எர்னெஸ்ட் எவரெட் ஜஸ்ட்: கடல் முள்ளெலி முட்டையில் உயிரின் முதல் நொடியைத் தேடிய கறுப்பின விஞ்ஞானி - யார் இவர்?

கடல் சூடாகிறது, கடல் நீரின் அமிலத்தன்மை கூடுகிறது என்று அடிக்கடி செய்தி வருகிறது. இதனால் கடல்வாழ் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்க, விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் முதலில் கையில் எடுக்கும் உயிர்களில் ஒன்று கடல் முள்ளெலி. உடம்பு முழுக்க முள். மூளை கிடையாது. கடல் தரையில் மெதுவா ஊர்ந்து பாசியைச் சுரண்டித் தின்னும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

ஆனா அதோட முட்டை இருக்கே, அது அறிவியலுக்குக் கிடைத்த ஒரு வரம். அந்த முட்டையை எப்படித் தொடணும், எப்படிப் பார்க்கணும், அதற்குள் முதல் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்பதை ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவர் எர்னெஸ்ட் எவரெட் ஜஸ்ட். 1941-ல் இறந்துபோனவர். உலகம் மதித்த உயிரியலாளர். சொந்த நாடான அமெரிக்காவில் மட்டும், அவர் தோல் நிறத்தைப் பார்த்துக் கதவை அடைத்தார்கள். அவருடைய கதையை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

துறைமுக ஊரில் பிறந்த பையன்

1883 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் தென் கரோலினா மாகாணத்தில் உள்ள சார்ல்ஸ்டன் துறைமுக நகரம். அங்கேதான் ஜஸ்ட் பிறந்தார். அப்பா சார்ல்ஸ் படகுத்துறை கட்டும் வேலை செய்தவர். ஜஸ்ட்டுக்கு 4 வயசு இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார்.

அம்மா மேரி ஒரு பள்ளி ஆசிரியை. குடும்பத்தைக் காப்பாற்ற அந்தச் சம்பளம் போதவில்லை. பக்கத்தில் இருந்த ஜேம்ஸ் தீவில் பாஸ்பேட் சுரங்க வேலைக்கும் போனார். அதோடு நிற்கவில்லை. அங்கிருந்த கறுப்பினக் குடும்பங்களைத் திரட்டி, நிலம் வாங்க வைத்து, ஒரு ஊரையே உருவாக்கினார். அந்த ஊருக்கு அவர் பெயரிலேயே மேரிவில் என்று பெயர் வந்தது. ஜஸ்ட்டின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் இங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

சின்ன வயசில் ஜஸ்ட்டுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனா எழுதப் படிக்கக் கற்றிருந்த எல்லாமே மறந்துபோச்சு. அ, ஆ-வில் இருந்து தொடங்குவது மாதிரி, எல்லாவற்றையும் திரும்ப முதலில் இருந்து கற்க வேண்டியிருந்தது.

13 வயசில் ஆசிரியர் பயிற்சிக்காக ஆரஞ்ச்பர்க் நகரில் இருந்த கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். தெற்கில் இருந்த கறுப்பினப் பள்ளிகளின் தரம் போதாது, மகன் வடக்கே போய்ப் படிக்கணும் என்பது அம்மாவின் முடிவு. 1900-ல் நியூ ஹாம்ப்ஷையர் மாகாணத்தில் உள்ள கிம்பல் யூனியன் அகாடமியில் சேர்ந்தார். அங்கே படித்துக்கொண்டிருந்தபோதே அம்மாவும் இறந்துவிட்டார். 4 வருஷப் படிப்பை 3 வருஷத்தில் முடித்துவிட்டு, 1903-ல் டார்ட்மவுத் கல்லூரிக்குப் போனார்.

வாழ்க்கையை மாற்றிய முட்டை

டார்ட்மவுத்தில் முதலில் அவருக்கு ஆர்வம் இலக்கியத்தில்தான். உயிரியல் வகுப்பு ஒன்றில் முட்டை எப்படிக் கருவுற்று வளர்கிறது என்று படித்ததும் மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒரே ஒரு செல் எப்படி முழு உயிராகிறது? அடுத்த 35 வருஷம் அவரை விடாமல் துரத்திய கேள்வி இதுதான்.

1907-ல் பட்டம் வாங்கினார். அந்த வகுப்பிலேயே உயர்ந்த தரச் சிறப்புடன் தேர்ச்சி பெற்ற ஒரே மாணவர் அவர்தான். விலங்கியலில் தனிச் சிறப்பு வேறு. பட்டமளிப்பு விழாவில் பேச மட்டும் அவரை அழைக்கவில்லை. வகுப்பில் இருந்த ஒரே கறுப்பின மாணவரை மேடை ஏற்றினால் சங்கடம் என்று கல்லூரி நினைத்தது.

அடுத்து வேலை. எவ்வளவு மார்க் எடுத்தாலும் வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் கறுப்பினப் பட்டதாரிக்கு இடம் இல்லாத காலம் அது. வாஷிங்டனில் உள்ள கறுப்பின மாணவர்களுக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் கற்பித்தது ஆங்கிலம்! பிறகுதான் உயிரியலுக்கு மாறினார். 1912-ல் விலங்கியல் துறைக்கே தலைவரானார். இதற்கு நடுவில் 1911-ல் ஒமேகா சை ஃபை என்ற மாணவர் சகோதரத்துவ அமைப்பு அங்கே தொடங்கப்பட்டது. 3 மாணவர்கள் தொடங்கிய அந்த அமைப்புக்குத் துணை நின்ற பேராசிரியர் ஜஸ்ட். அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது.

உட்ஸ் ஹோல்: 20 கோடைகள்

மாசசூசெட்ஸ் கடற்கரையில் உட்ஸ் ஹோல் என்ற சின்ன ஊர். அங்கே இருக்கும் கடல் உயிரியல் ஆய்வகம் உலகப் புகழ் பெற்றது. 1909 கோடையில் ஜஸ்ட் அங்கே உதவியாளராகப் போனார். அவரை அழைத்தவர் ஆய்வகத்தின் இயக்குநர் ஃபிராங்க் லில்லி. சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியரும் அவர்தான்.

ஆரம்பத்தில் கடல் புழுக்கள். நீரிஸ் என்ற ஒரு வகைப் புழு, கோடை இரவுகளில் நிலவின் கணக்குப்படி கூட்டமாக மேலே வந்து முட்டையிடும். கையில் விளக்கோடு படகுத்துறையில் நின்று அதைப் பிடிக்கணும். அப்பா படகுத்துறை கட்டினார், மகன் படகுத்துறையில் நின்று புழு பிடித்தார்!

அதற்கு அப்புறம் கடல் முள்ளெலிகளும், அவற்றின் தட்டையான சொந்தக்காரரான மணல் டாலரும். ஏன் இந்த உயிர்கள்? காரணம் எளிமையானது. மனிதனுக்கோ ஆட்டுக்கோ கருவுறுதல் உடம்புக்குள் நடக்கிறது. கண்ணால் பார்க்க முடியாது. கடல் முள்ளெலி அப்படி இல்லை. ஆணும் பெண்ணும் விந்தணுவையும் முட்டையையும் நேரடியாகக் கடல் நீரில் விட்டுவிடும். மீதி வேலை தண்ணீருக்குள் நடக்கும். ஒரு பெண் முள்ளெலி லட்சக்கணக்கில் முட்டை விடும். ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு கண்ணாடிக் கிண்ணம், கொஞ்சம் கடல் நீர், ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தால் போதும். உயிர் தொடங்குவதை நேரடி ஒளிபரப்பு மாதிரி பார்க்கலாம். சுமார் ஒரு மணி நேரத்தில் முட்டை இரண்டாகப் பிரியும். ஓரிரு நாளில் நீந்தும் குஞ்சாகிவிடும்.

இந்தக் குஞ்சைப் பார்த்தால் முள்ளெலி என்றே சொல்ல முடியாது. புளூட்டியஸ் என்று பெயர். கண்ணாடிக் குச்சிகளை வைத்துக் கட்டிய சின்ன ராட்டினம் மாதிரி இருக்கும். உள்ளே சுண்ணாம்பால் ஆன எலும்புக்கூடு. வாரக்கணக்கில் மிதந்து திரிந்த பிறகுதான் தரையில் இறங்கி முள்ளோடு உருமாறும்.

ஜஸ்ட் 20-க்கும் மேற்பட்ட கோடைகள் உட்ஸ் ஹோலில் இதையே பார்த்தார். 1912-ல் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. விந்தணு முட்டையின் எந்த இடத்தில் நுழைகிறதோ, அந்த இடத்துக்கும் முட்டை முதன்முதலாகப் பிரியும் தளத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று அதில் காட்டினார். 1916-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அதற்கு முந்தைய ஆண்டே, 1915-ல், கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபி தொடங்கிய ஸ்பிங்கார்ன் பதக்கம் அவருக்குக் கிடைத்திருந்தது. அந்தப் பதக்கத்தை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

ஒரே ஒரு விந்தணு - கதவை மூடுவது யார்?

ஜஸ்ட்டின் பெரிய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்லணும். ஒரு முட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கான விந்தணுக்கள் மொய்க்கின்றன. உள்ளே போவது ஒன்றே ஒன்றுதான். இரண்டு போனால் கரு கெட்டுப்போகும். அப்போ மற்றதை எல்லாம் வெளியே நிறுத்துவது யார்?

முட்டையைச் சுற்றி ஒரு படலம் எழும்பி நிற்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம். அதுதான் தடுப்புச் சுவர் என்று நினைத்தார்கள். ஜஸ்ட் மணல் டாலர் முட்டையைப் பொறுமையாகக் கவனித்தார். படலம் எழும்ப நேரம் பிடிக்கிறது. ஆனா அதற்கு முன்னாடியே மற்ற விந்தணுக்கள் உள்ளே போக முடியாமல் நின்றுவிடுகின்றன. விந்தணு தொட்ட இடத்தில் இருந்து ஒரு மாற்றம் அலை மாதிரி முட்டையின் மேற்பரப்பு முழுக்க ஓடுகிறது. அதுதான் முதலில் கதவை மூடுகிறது என்று 1919-ல் எழுதினார்.

அவரிடம் இருந்தது ஒரு மைக்ரோஸ்கோப்பும் இரண்டு கண்ணும்தான். அந்த வேகமான தடுப்பு ஒரு மின் மாற்றம் என்பது 1976-ல்தான் கடல் முள்ளெலி முட்டையில் அளந்து உறுதி செய்யப்பட்டது. சில நொடிகளுக்குள் முட்டைச் சவ்வின் மின்னழுத்தம் மாறிவிடுகிறது. படலச் சுவர் அதற்குப் பிறகு வரும் இரண்டாவது பாதுகாப்பு. ஜஸ்ட் பார்த்தது சரிதான் என்று ஊர்ஜிதமாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதில் இருந்து அவர் ஒரு பெரிய முடிவுக்குப் போனார். செல்லின் மேற்பரப்பு வெறும் பை இல்லை. உயிரோடு வேலை செய்யும் பகுதி அது என்றார். அப்போது எல்லோரும் செல்லின் நடுவே உள்ள உட்கருவையும் மரபணுவையும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்த்திசையில் போன ஜஸ்ட், மரபணுவின் பங்கைக் குறைத்தே எடைபோட்டார். அந்த விஷயத்தில் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. மேற்பரப்பு விஷயத்தில் நின்றது.

பாத்திரம் கழுவுவதில் தொடங்கும் அறிவியல்

ஜஸ்ட்டிடம் இன்னொரு விசேஷம் உண்டு. உட்ஸ் ஹோலில் யாருடைய முட்டை சரியாக வளரவில்லை என்றாலும் அவரிடம்தான் ஓடுவார்கள். கடல் உயிர்களின் முட்டையைக் கையாள்வதில் அவருக்கு இணை யாருமில்லை என்று பேர்.

அவர் கேட்பது ரொம்ப சாதாரணமான கேள்விகளாக இருக்கும். கண்ணாடிக் கிண்ணம் சுத்தமா? பழைய ரசாயனம் ஒட்டியிருக்கா? கிண்ணத்தில் முட்டை அதிகமா நெருக்கிக் கிடக்கா? தண்ணீர் சூடாயிடுச்சா? முட்டை எடுத்து எவ்வளவு நேரம் ஆச்சு? கையிலோ கத்தியிலோ வேறொரு முள்ளெலியின் விந்தணு ஒட்டியிருந்தால் சோதனையே வீண். கடலில் ஒரு முட்டை எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அதே நிலையில் ஆய்வகத்திலும் இருக்கணும். இயல்பான முட்டை எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாதவர், முட்டையில் ஏற்பட்ட மாற்றத்தைப் பற்றிப் பேசவே கூடாது. இதுதான் அவர் நிலைப்பாடு.

இந்தப் பிடிவாதம் ஒரு பெரிய மனிதரோடு மோத வைத்தது. ஜாக் லோப் அந்தக் காலத்து நட்சத்திர விஞ்ஞானி. 1899-ல் விந்தணுவே இல்லாமல், உப்புக் கரைசலை மாற்றியே கடல் முள்ளெலி முட்டையை வளர வைத்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். ஆரம்பத்தில் ஜஸ்ட்டுக்கு ஆதரவாகவும் இருந்தவர். பிறகு லோப் சொன்ன விளக்கத்தில் ஓட்டை இருப்பதை, அதே முள்ளெலி முட்டைகளை வைத்து ஜஸ்ட் கட்டுரைகளில் எழுதினார். லோப் செய்த இரண்டு கட்ட முறை தேவையில்லை, உப்பு கூடிய கடல் நீர் மட்டுமே முட்டையை வளரத் தூண்டப் போதும் என்று 1922-ல் காட்டினார். அதற்குப் பிறகு உறவு கசந்தது. செல்வாக்கு உள்ள ஒருவரின் ஆதரவு போவது, ஒவ்வொரு வருஷமும் நிதிக்காகக் கையேந்த வேண்டிய ஒரு கறுப்பின ஆய்வாளருக்கு எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை.

உட்ஸ் ஹோல் வாழ்க்கையும் வெளியே தெரிந்த அளவு இனிமையானதில்லை. சந்தேகம் கேட்க ஓடி வந்தவர்களில் பலர், வேலை முடிந்ததும் தூரம் காட்டினார்கள். வெள்ளையர் பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு வேலை தரவில்லை. தொழிலதிபர் ஜூலியஸ் ரோசன்வால்டின் பண உதவி இருந்ததால் ஆய்வு ஓடியது. கோடை முடிந்தால் ஹோவர்டுக்குத் திரும்பி, வகுப்புச் சுமையில் மூழ்க வேண்டியதுதான்.

ஐரோப்பா தந்த மூச்சு

1929-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் உள்ள கடல் உயிரியல் நிலையத்துக்குப் போனார். அங்கே மத்தியதரைக் கடலின் முள்ளெலிகள். அமெரிக்கக் கரையில் பார்த்ததை இங்கேயும் ஒப்பிட்டுப் பார்த்தார். முதன்முறையாக, நிறத்தை விட்டுவிட்டு வேலையை மட்டும் பார்க்கும் மனிதர்கள் நடுவே இருப்பதாக உணர்ந்தார்.

1930-ல் பெர்லினில் உள்ள கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனம் அவரை அழைத்தது. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகள் வேலை செய்த வளாகம் அது. அதே வருஷம் உட்ஸ் ஹோலில் லில்லியின் 60-வது பிறந்தநாள் விழாவுக்கு வந்தார். அதுதான் கடைசி. அப்புறம் உட்ஸ் ஹோலுக்கு அவர் திரும்பவே இல்லை.

பெர்லினில் ஹெட்விக் ஷ்னெட்ஸ்லர் என்ற தத்துவ மாணவியைச் சந்தித்தார். ஜஸ்ட்டுக்கு ஏற்கெனவே 1912-ல் எத்தெல் ஹைவார்டனோடு திருமணமாகி 3 குழந்தைகள் இருந்தார்கள். அந்த மண உறவு முறிந்து, 1939-ல் ஹெட்விக்கை மணந்தார். இதற்கிடையே 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட, ஜெர்மனியில் அவருக்கு இடம் இல்லாமல் போனது. பிரான்சுக்கு மாறினார். வடமேற்குக் கரையில் உள்ள ரோஸ்கோஃப் கடல் ஆய்வகம் அவருக்குப் புது வீடானது.

1939-ல் இரண்டு புத்தகங்கள் வெளியாகின. ஒன்று கடல் உயிர்களின் முட்டைகளை வைத்துச் சோதனை செய்யும் அடிப்படை முறைகள் பற்றியது. மற்றொன்று செல் மேற்பரப்பின் உயிரியல். 30 வருஷ உழைப்பு மொத்தமும் இந்த இரண்டுக்குள் இருக்கிறது.

1940-ல் நாஜிப் படை பிரான்சுக்குள் நுழைந்தது. ஜஸ்ட் கைது செய்யப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டார். ஹெட்விக் குடும்பத்தின் முயற்சியால் வெளியே வந்து, கர்ப்பிணி மனைவியோடு அமெரிக்கா திரும்பினார். எந்த நாட்டை விட்டு வெளியேறினாரோ அதே நாட்டுக்கு, அதே ஹோவர்டுக்கு. உடம்பு ஏற்கெனவே மோசமாகிவிட்டது. கணையப் புற்றுநோய். 1941 அக்டோபர் 27 அன்று வாஷிங்டனில் இறந்தார். வயது 58.

அதன் பிறகு பல வருஷம் அவரைப் பற்றி பெரிதாக யாரும் பேசவில்லை. 1983-ல் கென்னத் மேனிங் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்த பிறகுதான் பொதுமக்களுக்கு அந்தப் பெயர் தெரிய வந்தது. 1996-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் படத்தோடு தபால் தலை வெளியிட்டது.

இன்னைக்கு கடலில் என்ன நடக்கிறது?

ஜஸ்ட் கிண்ணத்துத் தண்ணீர் லேசாகச் சூடானாலே பதறியவர். இப்போ சூடாவது கிண்ணம் இல்லை, கடல்.

நாம் எரிக்கும் நிலக்கரி, பெட்ரோலில் இருந்து வரும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. இதனால் தொழிற்புரட்சிக்கு முன்பு 8.2 அளவில் இருந்த கடல் மேற்பரப்பின் பிஎச் மதிப்பு இப்போது சுமார் 8.1. கேட்க ரொம்பச் சின்ன வித்தியாசம்தான். ஆனா பிஎச் கணக்கு வேற மாதிரி. இந்த 0.1 என்பது அமிலத்தன்மை ஏறத்தாழ 30 சதவீதம் கூடியதற்குச் சமம். சுண்ணாம்பால் எலும்புக்கூடு கட்டும் புளூட்டியஸ் குஞ்சுக்கு இது நேரடிச் சிக்கல். பிஎச் குறைந்த நீரில் பல இன முள்ளெலிக் குஞ்சுகள் சின்னதாக, மெதுவாக வளர்வதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இந்தச் சோதனைகளின் வழிமுறையே ஜஸ்ட் காலத்து ஆட்கள் போட்டுக்கொடுத்த பாதைதான்.

ஆனா எல்லா இடத்திலும் முள்ளெலி குறைகிறது என்று நினைத்துவிட வேண்டாம். கலிபோர்னியாவில் கதை தலைகீழ். 2013 முதல் ஒரு மர்ம நோய் தாக்கி சூரியகாந்தி நட்சத்திர மீன்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. முள்ளெலியைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்தவை அவை. அடுத்து 2014 முதல் 2016 வரை பசிபிக்கில் கடல் வெப்ப அலை. தின்ன ஆள் இல்லாத ஊதா முள்ளெலிகள் பெருகி, கெல்ப் எனப்படும் ராட்சதக் கடற்பாசிக் காடுகளை மேய்ந்து தள்ளின. வடக்கு கலிபோர்னியாவில் அந்தக் காட்டின் பரப்பு 90 சதவீதத்துக்கு மேல் காணாமல் போனது. தின்ன எதுவும் இல்லாத முள்ளெலிகள் சாகவும் இல்லை. உள்ளே முட்டைப் பை சுருங்கி, வெறும் கூடாக வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலும் இதே மாதிரிதான். வெப்ப நீரோட்டம் தெற்கே நீண்டதால் நீள்முள் முள்ளெலி அங்கே புகுந்து பாசிக்காட்டைத் தின்றுகொண்டிருக்கிறது.

கரீபியனில் இதற்கு நேர் எதிர். அங்கே கறுப்பு நீள்முள் முள்ளெலிதான் பவளப்பாறையின் துப்புரவுப் பணியாளர். பாறையை மூடும் பாசியைத் தின்று, பவளம் வளர இடம் விட்டுக்கொடுக்கும். 1983-84-ல் ஒரு கொள்ளை நோயில் அவற்றில் பெரும்பகுதி செத்துப்போனது. பாறைகளைப் பாசி மூடியது. மெல்ல மீண்டு வந்த நேரத்தில், 2022-ல் மறுபடியும் கூட்டச் சாவு. இந்த முறை காரணம் ஒற்றைச் செல் நுண்ணுயிரி என்று கண்டுபிடித்தார்கள்.

இப்போது ஃபுளோரிடாவில் இந்த முள்ளெலியை ஆய்வகத்தில் முட்டையில் இருந்தே வளர்த்து, பவளப்பாறைகளில் கொண்டுபோய் விடுகிறார்கள். குஞ்சு ஒரு மாதத்துக்கும் மேல் மிதந்துகொண்டே இருக்கணும். தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும், கூட்டம் அதிகமானாலும் போச்சு. பாத்திரம் சுத்தமா, தண்ணீர் சூடாயிடுச்சா, முட்டை நெருக்கிக் கிடக்கா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.